வால் இல்லாத உறை

என் மனுசனை மயக்கி வைத்திருப்பது ஒரு விமானம் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெண்ணாக இருந்திருந்தால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். இறக்கை வைத்த தகரத்திடம் என்னத்தைக் கேட்பது?

அவர் சீனன்குடாப் பக்கம் விமானங்களைப் பழுதுபார்க்கிற ஒரு கொட்டகையில் வேலை செய்கிறார். படையில் சேர்ந்த ஆள் இல்லை, சீருடை இல்லாத தொழிலாளி. எந்தக் கொட்டகை என்று எழுத மாட்டேன், இன்னும் அங்கேதான் சாப்பாட்டுப் பெட்டியோடு போய்வருகிறார். நான் கந்தளாய்ப் பக்கம் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் தைக்கிறேன். வீடு உப்புவெளியில். காலையில் மோட்டார் சைக்கிளில் என்னைச் சந்தியில் இறக்கிவிட்டு அவர் போவார், கார்மென்ட் பஸ் வந்து என்னை அள்ளிக்கொண்டு போகும். மகள் மட்டக்களப்பில் படிக்கிறாள். ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான், எங்கள் அலுப்பும்தான்.

அந்த அலுப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் அவருடைய வேலை சக்கரம் மட்டும். விமானம் ஒன்று வரும், இவர் சக்கரத்தைக் கழற்றுவார், துடைப்பார், கிறீஸ் பூசுவார். சக்கரம் ஒரு பக்கம் போகும், விமானம் இன்னொரு பக்கம் போகும். அது திரும்பிப் பறந்ததா, பறக்கவில்லையா என்றுகூட இவருக்குத் தெரியாது. எனக்கு இடது கை மட்டும். ஆம்பிளைகள் போடுகிற சேட்டின் இடது கையை நான் உடம்போடு பொருத்தித் தைப்பேன், வலது கையைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை தைப்பாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் இருந்து நான் ஒரு வலது கையும் தைத்தது கிடையாது. பின்னேரம் இரண்டு பேரும் குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியோடு, ஆளுக்கு ஆள் வேலையைத் திட்டுவோம். அவர் சக்கரத்தைத் திட்டுவார், நான் சூப்பர்வைசரைத் திட்டுவேன். அதைவிட ஒற்றுமையான குடும்பம் உப்புவெளியில் இருந்திருக்காது.

பிறகு கொட்டகைக்குப் புதிதாக ஒரு பொறுப்பதிகாரி வந்தார். வயது குறைந்த ஆள், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்று கதை. வந்தவர் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். இனிமேல் சக்கரத்துக்கு ஒருவர், எஞ்சினுக்கு ஒருவர், பெயின்ட்டுக்கு ஒருவர் என்று இல்லை. நாலு பேருக்கு ஒரு விமானம். மூக்கில் இருந்து வால் வரைக்கும் அந்த நாலு பேருடைய பொறுப்பு. எதை முதலில் கழற்றுவது, எதைப் பிறகு பூட்டுவது என்று அவர்களே பேசி முடிவெடுக்கலாம். முடிந்ததும் அவர்களே பரிசோதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். விமானத்தை ஓட்டிவிட்டு இறங்குகிறவர் மேலிடத்துக்குப் போகாமல் நேரே இவர்களிடம் வந்து, எது நன்றாக இருந்தது, எது நடுங்கியது என்று சொல்லவேண்டும்.

என் மனுசனுக்குக் கிடைத்தது பயிற்சிக்கு ஓட்டுகிற ஒரு பழைய சின்ன விமானம். இறக்கை தலைக்கு மேலே இருக்கிற வகை. ஒரு மாதத்துக்குள் ஆள் மாறிவிட்டார். பின்னேரம் வந்ததும் திட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. நான் சூப்பர்வைசரைப் பற்றித் தொடங்கினால் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே விரலால் மேசையில் எஞ்சின் படம் கீறுவார். குளிக்கும்போது பாட்டு. ஞாயிற்றுக்கிழமையும் "ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று சேட்டை மாட்டிக்கொண்டு போவார். என்னைப் பார்ப்பதற்கென்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயும் போனதில்லை.

அதிலும் அந்த 'அவ'. அது என்று சொல்லவே மாட்டார். "இண்டைக்கு அவ ஒரு இருமலும் இல்லாம ஸ்டார்ட் ஆனவ." "அவவுக்கு உப்புக் காத்து ஒத்துக்கொள்ளாது." எனக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்கிறதா என்று கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னா:

"தங்கச்சி, குறை நினையாதை. உன்ர மனுசன் போனில 'அவவை இப்பிடி விட்டிட்டு வர ஏலாது' எண்டு ஆருக்கோ சொல்லிக்கொண்டு நிண்டவர். ஒருக்கா விசாரிச்சுப் பார்."

"அவவுக்கு இறக்கை இருக்கு அக்கா" என்றேன். எனக்கு மனம் பேதலித்துவிட்டது என்று அவ நினைத்திருப்பா.

ஆனால் உண்மையான பொறாமை விமானத்தின் மேல் இல்லை என்று எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. ஒரு பின்னேரம் அவர் ஓடி வந்தமாதிரி வந்து, விமானத்தை ஓட்டியவர் இறங்கி வந்து கைகொடுத்தாராம், "இவ்வளவு நாளும் இது இப்படி ஓடினதில்லை" என்று சொன்னாராம் என்றார். சொல்லிவிட்டுத் தன்னுடைய கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் தைத்த கை எத்தனை ஆட்களின் உடம்பில் இருக்கும்! ஒருவனாவது வந்து, "அம்மா, தோள்மூட்டு நல்லாப் பொருந்தியிருக்கு" என்று சொன்னானா? எனக்கு வேண்டியது மனுசன் இல்லை. மனுசனுக்குக் கிடைத்த அந்த வேலை. முழுதாக ஒன்றைச் செய்து, அது எங்கே போகிறது என்று பார்த்து, நான் செய்தது என்று சொல்ல வேண்டும். அது எனக்கும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி மனம் கிடந்து துடித்தது.

கேட்டும் பார்த்தேன். எங்கள் சூப்பர்வைசர் கிண்ணியாவில் இருந்து வருகிற பிள்ளை, கெட்டிக்காரி. "நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து முழுச் சேட்டையும் தைச்சுப் பாப்பமே?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, முழுச் சேட்டுத் தைக்க ஆசையெண்டா வீட்டில கடை போடுங்கோ. இஞ்ச உங்களுக்கு இடது கைதான்."

அவள் மேல் பிழை இல்லை, அவளுக்கு மேலே இருக்கிறவர்களின் கணக்கு அது. ஆனால் அன்று முழுவதும் பக்கத்துப் பிள்ளையின் வலது கையைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையே அக்கரையாகப் போய்விட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அவர் ஒரு கந்தல் உறையைக் கொண்டுவந்தார். தடித்த கன்வஸ் துணி, ஒரு முழங்கூட நீளமில்லை, வெயிலில் சாயம் போய், வாய்ப் பக்கம் கிழிந்து கிடந்தது. அதோடு புதுக் கன்வஸ் துண்டு ஒன்றும், கொஞ்சம் சிவப்பு நாடாவும்.

"இஞ்ச பார், இந்த அளவில ஒண்டு தைச்சுத் தா. நாடாவையும் வைச்சுத் தை. நாளைக்கு வேணும்."

"என்னத்துக்கு இது?"

"அவவுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

அவவுக்கு நான் சட்டை தைக்கவேண்டும், பாருங்கள். எனக்கு வந்த கோபத்தில் அதைச் சுருட்டி எறிந்திருப்பேன். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. வெட்டுவதும் நான், பொருத்துவதும் நான், ஓரம் மடிப்பதும் நான். தொடக்கமும் முடிவும் என்னுடைய மெஷினிலேயே நடக்கிற ஒரு சாமானை எவ்வளவு காலத்துக்குப் பிறகு தைக்கிறேன்! ஊசி ஒன்று முறிந்தது. பரவாயில்லை என்று வேறு ஊசி போட்டேன். உள்தையலை இரட்டையாக அடித்தேன்.

நாடாதான் யோசிக்க வைத்தது. பழைய உறையில் நாடா இருந்த இடத்தில் ஒரு பிய்ந்த துண்டுதான் மிச்சம், அது எவ்வளவு நீளம் இருந்தது, எதற்கு இருந்தது என்று தெரியவில்லை. எங்கள் கார்மென்டில் தொங்குகிற நூல் ஒன்று இருந்தாலே ரிஜெக்ட். தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் வெட்டிவிடுவது எங்களுக்குக் கையோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. தொங்குகிற நாடா என்றால் என் கை சும்மா இருக்குமா? வாய்ப் பக்கம் சுற்றிவர அந்தச் சிவப்பை ஓரப்பட்டியாக மடித்துத் தைத்து, முனையை உள்ளே செருகி, மிச்சத்தை வெட்டிப் போட்டேன். சாம்பல் நிறத் துணியில் மெல்லிய சிவப்புக் கரை. அவ்வளவு வடிவு. ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து, மடித்து மேசையில் வைத்தேன்.

காலையில் அவர் வருவார், விரித்துப் பார்ப்பார், ஏதாவது சொல்வார் என்று பாணுக்குச் சம்பல் அரைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். வந்தார். மடித்தது மடித்தபடியே எடுத்துப் பையில் வைத்தார். "நேரம் போச்சு, வா" என்றார். மோட்டார் சைக்கிளில் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போகும்போது, அந்த முதுகில் ஒன்று போட்டால் என்ன என்று இருந்தது.

அடுத்து நடந்ததை நான் அவர் வாயால்தான் கேட்டேன். கொட்டகையிலும் அவர் அதை விரித்துப் பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தவர், பையோடு கூட்டாளியிடம் கொடுத்தார். கூட்டாளி அதை இடது இறக்கைக்குக் கீழே முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் குழாயில் மாட்டினார். காற்று அந்தக் குழாய்க்குள் போனால்தான் விமானம் என்ன வேகத்தில் போகிறது என்று உள்ளே முள் காட்டுமாம். நிற்கிற நேரத்தில் மூடிவைக்காவிட்டால் குளவி வந்து மண்ணால் அடைத்துவிடும். பறக்கிறதற்கு முன்னால் கழற்றவேண்டும். கழற்ற மறக்கக்கூடாது என்பதற்குத்தான் அந்த நாடா, நீளமான சிவப்பு வாலாகத் தொங்கவேண்டும். அடுத்த நாள் காலை உறைகளைக் கழற்றப் போன இன்னொரு கூட்டாளி வழக்கம்போல ஆடுகிற சிவப்பு வால்களைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினார். என்னுடையது ஒழுக்கமாக, வடிவாக, சத்தம் போடாமல் குழாயோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. என் மனுசன் கையெழுத்து வைத்தார். விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது, வேகம் காட்டுகிற முள் அசையவில்லை. ஓட்டியவர் உடனே நிறுத்தித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புது ஒழுங்கு பிடிக்காத பழைய ஆட்கள் அங்கே இருந்தார்கள். தொழிலாளி கையிலே கையெழுத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று அவர்கள் வாய்க்கு அவல் கிடைத்தது. நாலு பேரிடமிருந்தும் விமானத்தைப் பறித்து, திரும்பவும் ஆளுக்கொரு சக்கரம் கொடுப்பதா என்கிற அளவுக்குக் கதை போனது. அதிகாரி நாலு பேரையும் நிறுத்தி, இந்த உறையைத் தைத்தது யார் என்று கேட்டார்.

"நான் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் என் மனுசன். அன்றைக்குப் பின்னேரம் குசினிக்குள் நின்று, பெரிய காரியம் செய்தவர் மாதிரிச் சொன்னார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"நான்தான் தைச்சனான், வால் வைக்க மறந்துபோனன் எண்டனான். உடனே ஒத்துக்கொண்டது நல்லது எண்டு சொன்னவர். பிளேன் எங்களிட்டத்தான் இருக்கும். இன்னொண்டு கேள். தையல் நல்லா இருக்காம். மற்றப் பிளேன்களுக்கும் என்னையே தைக்கச் சொல்லிப்போட்டார்."

கதவடியில் ஒரு சுருள் கன்வஸ் நின்றது. சிவப்பு நாடா ஒரு முழு உருளை.

"என்ர தையலைப் பாத்து உங்களுக்குப் பாராட்டோ?" என்றேன்.

"உன்னை ஏன் இதுக்குள்ள இழுக்கவேணும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். பிழையும் உன்ரதானே."

"ஓம். பிழை என்ர. அதைத்தான் கேக்கிறன். அதை ஏன் நீங்கள் எடுத்தனீங்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பிழையிலயும் பங்கு கேக்கிற மனிசியை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

கார்மென்டில் நான் பிழை விட்டால் அந்தச் சேட்டு என் மெஷின் நம்பரைத் தேடித் திரும்பி வரும், அந்த ஒரு நேரம்தான் நான் என்று ஒருத்தி இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும் என்றேன். இங்கே ஒரு முழுச் சாமான் தைத்தேன். எதற்கென்று சொல்லவில்லை, விரித்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டிருக்கிறார், இதைத் தைத்தது யார் என்று. என் காலத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. அதற்கும் நீங்களே கைதூக்கிவிட்டு வந்து நிற்கிறீர்கள் என்றேன். பிறகு கதிரையை இழுத்து மெஷினுக்கு முன்னால் போட்டேன்.

"தைக்கிறவர் தையுங்கோ."

அவர் உட்கார்ந்தார். வீம்புக்குத்தான். நூலை எந்தத் துளையால் கோப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். விமானத்தையே கழற்றிப் பூட்டுகிற கை அது. கடைசியில் எழும்பி, "நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லுறன்" என்றார்.

சொன்னார். அடுத்த நாள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே கேட்டேன்.

"சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"நம்பேல்லை. 'நேற்று உன்ர எண்டாய், இண்டைக்கு மனிசியின்ர தலையில போடுறியோ' எண்டு கேட்டவர். மற்ற ஆக்களும் சிரிச்சுப்போட்டினம்." அவர் முகம் சுருங்கிக் கிடந்தது. "இதுக்குத்தானே ஆசைப்பட்டனி."

பாவமாகத்தான் இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது. பொய் சொன்னபோது நம்பினார்கள், உண்மை சொன்னபோது சிரித்தார்கள். இரண்டு இடத்திலும் நான் இல்லை. நானே கொட்டகைக்குள் வர என்ன வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அவர் பயந்தார். நான் விடவில்லை. அனுமதி கிடைத்த நாளன்று கார்மென்டுக்கு லீவு சொல்லி, நல்ல சேலை ஒன்றை உடுத்தி, அடையாள அட்டையோடு அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து போனேன்.

கொட்டகைக்குள் அதிகாரி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என்னிடம் கேட்காமல், மரியாதைக்கு, என் மனுசனிடம்தான் சிங்களத்தில் கேட்டார்: உங்கள் மனைவி என்ன சொல்ல வந்திருக்கிறார்? இவர் முந்திக்கொண்டு, "அவ மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறா, சேர்" என்றார்.

கந்தளாய்ச் சிங்களப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து இத்தனை காலம் தைக்கிறவளுக்குச் சிங்களம் தெரியாதா? என் மனுசனைவிட நன்றாகத் தெரியும். நான் நேரே அதிகாரியைப் பார்த்துச் சிங்களத்திலேயே சொன்னேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. உறையைத் தைத்தது நான். வாலை வெட்டியதும் நான். எங்கள் வேலையில் தொங்குகிறது எல்லாம் பிழை, அதனால் வெட்டினேன். இது எதற்கு என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு முழத்துக்கு விட்டிருப்பேன்.

அதிகாரி என் மனுசனைப் பார்த்து, எதற்கென்று சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டார். இவர் நிலத்தைப் பார்த்தார். மாட்டுவதற்கு முன்னால் விரித்துப் பார்த்தாயா என்று கேட்டார். நிலத்தில் என்னதான் இருந்ததோ.

"வாருங்கள்" என்று அதிகாரி என்னை விமானத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் நினைத்ததைவிடச் சின்னது அது. குழாயைக் காட்டினார். கொட்டகைக் கூரையில் குளவி கட்டியிருந்த மண் கூட்டைக் காட்டினார். வால் எவ்வளவு நீளம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று என்னிடமே கேட்டார். நான் யோசித்துவிட்டு, ஓட்டுகிறவர் இருக்கிற இடத்தில் இருந்து பார்த்தால்தான் சொல்லலாம் என்றேன்.

கதவைத் திறந்துவிட்டார். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி, ஓட்டுகிறவருடைய இருக்கையில் இருந்தேன். இடது பக்கக் கண்ணாடியால் இறக்கை தெரிந்தது, குழாய் தெரிந்தது. அதிகாரி நாடா உருளையை என் மனுசனிடம் கொடுத்து, குழாயில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்றேன் உள்ளே இருந்து.

விட்டார்.

"காணாது. இன்னும்."

அவர் கையை உயர்த்தி நாடாவைப் பிடித்தபடி நின்று, தன்னுடைய விமானத்துக்குள் நான் இருப்பதையும், அதிகாரி என் பக்கம் குனிந்து எனக்கு ஒவ்வொரு முள்ளாகக் காட்டி விளங்கப்படுத்துவதையும் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு நாளும் நான் குசினிக்குள் வைத்துக்கொண்டு திரிந்த முகம் அது. அதை அவரிடம் பார்க்க எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஆகவே நாடா போதுமான நீளம் வந்த பிறகும், கொஞ்ச நேரம் அவரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன்.